நிர்வாகக் கடிதத்தில் காணாமல் போகும் ஆள்

தோட்ட அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு கடிதம் ஏறுகிறது. மலாயில் ஒரு பக்கம். சில இடங்களில் அடியில் ஆங்கிலமும் இருக்கும். கூடி நிற்பவர்கள் அதில் இரண்டைத்தான் தேடுவார்கள்: தேதி, தொகை. எப்போது போக வேண்டும், எவ்வளவு கிடைக்கும். மீதியைக் கிராணியோ மண்டோரோ இரண்டு வரியில் தமிழில் சொல்லிவிடுவார். கூட்டம் கலைந்துவிடும்.

யாரும் படிக்காத அந்த மீதியைப் படிப்பதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. பல்கலைக்கழகங்களில் அதைச் சொல்லாடல் ஆய்வு என்கிறார்கள். ஒரு நிறுவனத்தை அதன் கணக்குப் புத்தகத்தை வைத்தும் பங்கு விலையை வைத்தும் மட்டும் புரிந்துகொள்ள முடியாது. அது எழுதும் கடிதம், சுற்றறிக்கை, கூட்டக் குறிப்பு, ஆண்டறிக்கை ஆகியவற்றில் யாரை எப்படி அழைக்கிறது, யாரைச் சொல்லாமல் விடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்பதே இந்தத் துறையின் அடிப்படை. கேட்பதற்கு ஏட்டுப் படிப்பு போலத் தோன்றும். ஆனால், வேலையும் வீடும் ஒரே முதலாளியின் கையில் இருக்கும் தோட்டத் தொழிலாளிக்கு இதைவிட நடைமுறையான படிப்பு அதிகம் இல்லை.

இந்தக் கடிதங்களில் வழக்கமாக வரும் ஒரு வாக்கியத்தின் அச்சை எடுத்துக்கொள்ளலாம். நிறுவன மறுசீரமைப்பின் காரணமாக வேலை முடிவுக்கு வருவதால், குடியிருப்பை 30 நாளுக்குள் காலி செய்யுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள். இதில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒரே ஒருவர்தான்: காலி செய்ய வேண்டியவர். மறுசீரமைத்தவர் இல்லை. வேலையை முடித்தவர் இல்லை. கேட்டுக்கொள்பவரும் இல்லை. மழை வந்தது, வெள்ளம் வந்தது என்பதுபோல வேலை 'முடிவுக்கு வந்தது'.

அதையே இப்படி எழுதியிருக்கலாம்: நிலத்தை விற்க இயக்குநர் வாரியம் முடிவு செய்தது, அதனால் உங்களை வேலையிலிருந்து நிறுத்துகிறோம், வீட்டை 30 நாளில் விடும்படி கோருகிறோம். விஷயம் மாறவில்லை. ஆனால் இப்போது கேள்வி கேட்க ஆள் இருக்கிறது. எந்தக் கூட்டத்தில் முடிவு செய்தீர்கள்? யாருக்கு விற்றீர்கள்? விற்கும்போது நாங்கள் இந்த வீட்டில் இருக்கிறோம் என்று வாங்குபவரிடம் சொன்னீர்களா?

மூன்று மொழிகளிலும் இந்த ஒளிவிடம் உண்டு. மலாயில் வினைக்கு முன்னால் வரும் 'டி' போதும். 'டிமாக்லும்கான்', 'டிகெஹெண்டாக்கி', 'டியாராஹ்கான்' என்று கடிதம் முழுவதும் செய்பவர் பெயர் இல்லாமலேயே நடக்கும். ஆங்கிலத்தில் செயப்பாட்டு வினை. எழுத்துத் தமிழில் 'படுகிறது'. பேச்சுத் தமிழில்தான் அது எளிதல்ல. 'தொரை நிறுத்திட்டாரு', 'கம்பெனிக்காரன் வித்துட்டான்' என்று தோட்டத்தில் பேசும்போது செய்த ஆள் வினைச்சொல்லின் வாலிலேயே உட்கார்ந்திருப்பான். எழுத்துக்கு வரும்போதுதான் அவன் இறங்கிப் போய்விடுகிறான்.

இதை முதலில் கூர்ந்து கவனித்தவர்களில் ஒருவர் டோனி ட்ரூ. 1975-இல் அன்றைய ரொடீசியாவின் தலைநகர் சாலிஸ்பரியில் போலீஸ் கறுப்பின மக்களைச் சுட்டுக் கொன்றது. அதே செய்தியை இரண்டு லண்டன் நாளேடுகள் எப்படித் தலைப்பிட்டன என்று அவர் ஒப்பிட்டார். ஒன்றில் போலீஸ் முதலில் வந்தது, சுட்டது. மற்றொன்றில் 'கலகக்காரர்கள்' முதலில் வந்தார்கள், செத்தார்கள். போலீஸ் பின்னால் ஒதுங்கி நின்றது. 1979-இல் வெளிவந்த 'மொழியும் கட்டுப்பாடும்' என்ற நூலில் அந்தக் கட்டுரை இருக்கிறது. பத்தாண்டு கழித்து நார்மன் ஃபேர்கிளாஃப், மொழியையும் அதிகாரத்தையும் பற்றித் தனி நூலே எழுதினார். பத்திரிகைத் தலைப்புக்குப் பயன்பட்ட அந்த முறை பிறகு மருத்துவமனைக்கும் வங்கிக்கும் தொழிற்சாலைக்கும் போனது. நம் நாட்டுத் தோட்ட அலுவலகக் கோப்புகளுக்கு அது இன்னும் போதிய அளவில் வந்து சேரவில்லை.

சாகு ஹாத்தியா, சட்டப்படியான தொகையா?

பணத்தைக் குறிக்கும் சொல்லில் இருந்தே தொடங்கலாம். ஆள்குறைப்புக் கடிதங்களில் அடிக்கடி வரும் மலாய்ச் சொல் 'சாகு ஹாத்தி'. மனமுவந்து தரும் அன்பளிப்பு என்பது அதன் பொருள். தீபாவளிக்குக் கொடுக்கும் உதவித்தொகைக்கும் அதே சொல்தான். சில கடிதங்களில் ஆங்கிலத்தில் வரும் 'எக்ஸ் கிரேஷியா' என்பதும் அதே பொருள்தான்: கொடுக்க வேண்டிய கடமை இல்லை, ஆனாலும் கொடுக்கிறோம்.

ஆனால், கொடுக்க வேண்டிய கடமை இருக்கிறது. 1980-ஆம் ஆண்டு வேலை நிறுத்த, ஆள்குறைப்பு நன்மைகள் விதிமுறைகள் அதைத் தெளிவாகச் சொல்கின்றன. 2 ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். 2 முதல் 5 ஆண்டுக்குள் இருந்தவருக்கு ஆண்டுக்கு 15 நாள். அதற்கு மேல் ஆண்டுக்கு 20 நாள். 22 ஆண்டு செம்பனை வெட்டியவருக்கு 440 நாள் சம்பளம் வர வேண்டும். அது போக, 5 ஆண்டுக்கு மேல் சேவை உள்ளவருக்கு, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், குறைந்தது 8 வார முன்னறிவிப்பு.

அன்பளிப்பு என்று சொன்னவுடன் வாங்குபவரின் வாய் அடைத்துப் போகிறது. அன்பளிப்பு குறைகிறது என்று யாரும் சண்டை போடுவதில்லை. 'ஏதோ மனசு வெச்சு குடுத்தாங்க' என்று வீட்டுக்குப் போய்விடுவார்கள். சட்டப்படியான தொகை என்று கடிதத்தில் இருந்தால், முதல் வேலையாகக் கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள். கையெழுத்து வாங்கும் தாளின் அடியில் 'முழுமையான, இறுதியான தீர்வாக ஏற்கிறேன்' என்ற வரி இருந்தால் இந்த வேறுபாடு இன்னும் கனமாகிறது. அன்பளிப்புக்கு எதற்கு இறுதித் தீர்வு என்று யாராவது அங்கேயே கேட்க வேண்டும்.

தோட்டம் கைமாறும்போது வரும் கடிதத்திலும் இப்படி ஒரு சொல் உண்டு. உரிமை மாறிய 7 நாளுக்குள் புதிய உரிமையாளர் முன்பிருந்ததைவிடக் குறையாத நிபந்தனைகளில் வேலை தர முன்வந்து, தொழிலாளி அதை ஏற்றுக்கொண்டால், பழைய சேவையும் தொடர்ந்து எண்ணப்பட வேண்டும் என்று அதே விதிமுறைகள் கூறுகின்றன. கடிதத்தில் 'சேவை தொடர்ச்சி' என்று இருக்கிறதா, 'புதிய நியமனம்' என்று இருக்கிறதா? இரண்டுக்கும் மறுநாள் காலை வேலை ஒன்றுதான். அதே மரம், அதே அரிவாள். வேறுபாடு பத்தாண்டு கழித்துத் தெரியும். அப்போது 22 ஆண்டு 10 ஆண்டாகச் சுருங்கியிருக்கும்.

இந்தத் தகராறுகளைக் கொண்டுபோக இடம் இருக்கிறது. சம்பளமும் நன்மைத் தொகையும் தொழிலாளர் இலாகாவில். நியாயமின்றி வேலை நீக்கினார்கள் என்றால், நீக்கிய நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனு. அந்த 60 நாள், கடிதத்தில் உள்ள மென்மையான சொற்களை நம்பிக் காத்திருப்பவருக்காக நிற்பதில்லை.

'செத்திங்கான்' என்ற ஒரு சொல்

வீட்டைக் குறிக்கும் சொல்லில் பிழைத்தவர்களும் உண்டு, இழந்தவர்களும் உண்டு. தொழிலாளி அதை வீடு என்பார், லயம் என்பார். நிர்வாகம் 'ஊழியர் குடியிருப்பு' என்னும். வேலை முடிந்த மறுநாள் அதே கூரைக்கு அடியில் தூங்குபவர் அனுமதியின்றித் தங்கியிருப்பவர் ஆகிவிடுகிறார். அவர் நகரவே இல்லை; அவருடைய பெயர்தான் நகர்ந்துவிட்டது.

இதற்கு நினைவில் வைக்க வேண்டிய சம்பவம் புக்கிட் ஜாலில் தோட்டம். 2011-இல் அங்கு எஞ்சியிருந்த தொழிலாளர் குடும்பங்களுக்குக் கோலாலம்பூர் மாநகர் மன்றம் வெளியேற்ற நோட்டீஸ் கொடுத்தது. கொடுத்தது எந்தச் சட்டத்தின் கீழ்? 1969-ஆம் ஆண்டு அவசரகாலச் சட்டத்தில் பிறந்த, புறம்போக்குவாசிகளை அகற்றும் விதிமுறைகளின் கீழ். அதாவது 'செத்திங்கான்'. தலைமுறையாக அந்தத் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய குடும்பங்களை, காலியாகக் கிடந்த நிலத்தில் வந்து குடிசை போட்டவர்களோடு ஒரே சொல்லில் சேர்த்துவிட்டது அந்த நோட்டீஸ்.

அந்த மக்கள் முதலில் பிடித்துக்கொண்டது பணத்தையோ நாளையோ அல்ல, அந்தச் சொல்லைத்தான். நாங்கள் புறம்போக்குவாசிகள் அல்ல, தோட்டத் தொழிலாளர்கள் என்றார்கள். அதைப் பிடிவாதம் என்று அப்போது நினைத்தவர்களும் இருந்தார்கள். அது பிடிவாதம் இல்லை. புறம்போக்குவாசி என்றால் இரக்கத்தின்பேரில் ஒரு மலிவுவிலை அடுக்குமாடி வீடு. தோட்டத் தொழிலாளி என்றால் உழைப்பின் கணக்கில் நிலத்தின்மீது ஒரு கோரிக்கை. அவர்கள் 4 ஏக்கர் கேட்டது இந்த இரண்டாவது பெயரில் நின்றுதான்.

அதற்கு முன்பும் ஒருமுறை தொழிலாளர்கள் சொல்லைத் தாங்களே தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். 1950-களில் வெள்ளைக்கார நிறுவனங்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுக் கிளம்பியபோது, அதிகாரபூர்வத் தாள்களில் அதன் பெயர் 'உட்பிரிவு'. நில அலுவலகத்தில் ஒரு பாரம் நிரப்பும் வேலை போலத் தோன்றும் சொல். 1951 முதல் 1960 வரை நடந்ததை ஆராய்ந்த உங்கு அசிஸின் அறிக்கைக்குத் தலைப்பும் அதே சொல்தான், உள்ளே அவர் கண்டது தொழிலாளர்களின் பெருந்துயரம் என்றாலும். தமிழர்கள் அதைத் 'துண்டாடல்' என்றார்கள். வெட்டப்படுவது நிலமல்ல, உடம்பு என்பதுபோல. துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கலாம் என்று லயம் லயமாகப் போய்ச் சொன்னபோது, அந்தச் சொல்லின் சூடும் அவருக்கு உதவியிருக்கும். உட்பிரிவைத் தடுக்க யாரும் பத்து வெள்ளி தரமாட்டார்கள்.

சைக்கிளும் கடப்பிதழும்

சொல்லாடல் ஆய்வு செய்பவர்கள் நிறுவனத்தின் தாளை மட்டும் படிப்பதில்லை. எதிர்த் தரப்பின் தாளையும் பக்கத்தில் வைப்பார்கள். அப்படி வைத்துப் படிக்க மிகப் பொருத்தமானது 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வேலைநிறுத்தம். ஆர். எச். நாதன் முன்னணியில் நின்ற கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் கூலி உயர்வு இருந்தது. சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி இருந்தது. பிள்ளைகளுக்குப் படிப்பு, நல்ல மருத்துவம், கள்ளுக்கடை மூடல், பெண்கள்மீது கை வைக்காமை எல்லாம் இருந்தன. கூடவே, துரைக்கும் கிராணிமாருக்கும் முன்னால் சைக்கிளைவிட்டு இறங்காமல் ஓட்டிப் போகும் உரிமையும் இருந்தது.

தோட்ட முதலாளிகளின் கணக்கில் சைக்கிளுக்கு இடம் எதுவும் இல்லை. கூலிக்கு இத்தனை காசு கூட்டினால் தீரும் பிரச்சினையாகவும், தூண்டிவிடும் ஆட்களைப் பிடித்தால் அடங்கும் பிரச்சினையாகவுமே அவர்கள் அதைப் பார்த்தார்கள். பிரிட்டிஷ் ஆட்சி நாதனைப் பிடித்து நாடு கடத்தியது, இராணுவத்தை இறக்கியது, சுட்டது. ஆனால் அந்தச் சைக்கிள் வரிதான் இன்றும் வரலாற்று நூல்களில் நிற்கிறது. நிறுவனத்தின் மொழியில் பெயரே இல்லாத ஒன்றுக்குத் தொழிலாளி பெயர் வைத்த இடம் அது.

அதே லயங்களில் இன்று வங்காளதேசிகளும் இந்தோனேசியர்களும் நேப்பாளிகளும் இருக்கிறார்கள். 2020-இல் அமெரிக்கச் சுங்கத்துறை நம் நாட்டின் இரண்டு பெரிய செம்பனை நிறுவனங்களின் எண்ணெயைத் தடுத்தது: செப்டம்பரில் எஃப்ஜிவி, டிசம்பரில் சைம் டார்பி பிளாண்டேஷன். கட்டாய உழைப்புக்கு அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு வகுத்த 11 அடையாளங்களைக் கொண்டு அத்துறை தன் காரணத்தைச் சொன்னது. அந்த 11-இல் ஒன்று, அடையாள ஆவணங்களைப் பிடித்து வைத்தல்.

அதற்கு முன்பு இந்த நாட்டில் பல முதலாளிகள் அதே செயலுக்கு வைத்திருந்த பெயர் 'பாதுகாப்பாக வைத்திருத்தல்'. தொலைந்துவிடக் கூடாதே என்ற அக்கறை. அலமாரி ஒன்றுதான், பூட்டு ஒன்றுதான், கடப்பிதழும் ஒன்றுதான். ஒரு சொல்லில் அது தாய்மனம். இன்னொரு சொல்லில் குற்றத்தின் அடையாளம். சொல் மாறிய பிறகு காரியமும் மாறியது என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது. சைம் டார்பி பிளாண்டேஷன் வெளியாரைக் கொண்டு ஆய்வு செய்தது. வேலைக்கு வர முகவர்களுக்குத் தொழிலாளர்கள் கட்டிய பணத்தைத் திருப்பித் தந்தது. 2023 பிப்ரவரியில் அமெரிக்கா அந்தத் தடையை விலக்கியது. 'அக்கறை' என்ற சொல்லோடு விட்டிருந்தால் அந்தப் பணம் யாருக்கும் திரும்பியிருக்காது. கங்காணி முன்பணக் கடனில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இது புதுக்கதையும் அல்ல.

பட்டணத்துப் 'பார்ட்னர்'

தோட்டத்தைவிட்டுப் பட்டணத்துக்கு வந்த பிள்ளைகளில் பலர் இன்று மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோகிறார்கள். செயலி நிறுவனங்கள் அவர்களை ஊழியர் என்று அழைப்பதில்லை. 'பார்ட்னர்' என்கின்றன. மரியாதையான சொல், கூலி என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த குடும்பத்துக்கு இனிக்கும் சொல். ஆனால், பங்காளிக்கு முதலாளி சேமநிதி கட்ட வேண்டாம். மருத்துவ விடுப்பு வேண்டாம். பதிவை முடக்கினால் அதற்கு வேலை நீக்கம் என்ற பெயரும் வராது. லாபத்தில் பங்கு தராத பங்காளித்துவம் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்ற மக்களவை கிக் தொழிலாளர் மசோதாவை நிறைவேற்றியது. தகராறு தீர்க்கத் தனித் தீர்ப்பாயம், விபத்துக்குச் சொக்சோ பாதுகாப்பு என்று அதில் பயன் உண்டு. அதைவிட, 'பார்ட்னர்' என்று அழைத்த இடத்தில் சட்டம் 'தொழிலாளர்' என்ற சொல்லை வைத்ததே பெரிய மாற்றம் என்று சொல்லலாம். ஆயினும் அது வேலைச் சட்டத்தில் வரும் ஊழியர் அல்ல. நடுவில் ஒரு மூன்றாவது வகை. இந்த மூன்றாவது பெயர் படியா, தடுப்பா என்பது தீர்ப்பாயத்தின் முதல் சில வழக்குகளில் தெரியும்.

நம் சங்கங்களின் தாள்

முதலாளியின் தாளை மட்டும் விளக்கு வைத்துப் பார்ப்பது நியாயமாகாது. கோயில் நிர்வாகக் குழு, கூட்டுறவுச் சங்கம், தொழிற்சங்கக் கிளை, கட்சிக் கிளை ஆகியவற்றின் ஆண்டுக்கூட்டக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தால் அங்கும் 'படுகிறது' ஆட்சிதான். 'கணக்கறிக்கை வாசிக்கப்பட்டு ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.' வாசித்தவர் யார்? எழுந்து கேள்வி கேட்டவர் யார்? அவரை உட்காரச் சொன்னவர் யார்? மூன்று மணி நேரம் சத்தம் நடந்த கூட்டமும் குறிப்பில் இரண்டு வரியில் அமைதியாக முடிந்திருக்கும். அடுத்த ஆண்டு பழைய தீர்மானத்தைத் தேடுபவருக்குக் கிடைப்பது 'ஏகமனதாக' மட்டும்தான். மாற்றுக் கருத்துச் சொன்னவரின் பெயரையும் அவர் சொன்ன ஒரு வரியையும் செயலாளர் எழுதி வைக்க எந்தச் சட்டமும் தடையில்லை.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. எல்லாக் கடிதமும் சூழ்ச்சி அல்ல. பல கடிதங்கள் பழைய கடிதத்தைப் பார்த்து ஒரு கிராணி தேதியையும் பெயரையும் மாற்றி அடித்தவை. அவர் யாரையும் மறைக்க நினைத்திருக்க மாட்டார். ஆனால், அந்தப் பழைய அச்சு ஏன் அப்படி இருந்தது, யாருக்கு அது வசதியாக இருந்ததால் மாறாமல் நிற்கிறது என்ற கேள்வி அப்போதும் இருக்கும். இன்னொன்று, சொல்லை மட்டும் படித்துவிட்டுச் சம்பளச் சீட்டைப் பார்க்காமல் விட்டால் ஆய்வு பாதியில் நிற்கும். 2025 பிப்ரவரியில் 5 பேரோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிகளுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனது. நிறுவன அறிக்கையில் அது 'ஊழியர் நலன்' என்று வந்திருக்கலாம். கூடவே மின்சாரம், தண்ணீர், அரிவாள் என்று புதிதாக ஏதாவது பிடித்தம் வந்ததா என்பதைச் சீட்டுதான் சொல்லும்.

சிக்கல் என்னவென்றால், படிக்கத் தாள் இருக்க வேண்டும். நிறுவனங்களிடம் கோப்பு இருக்கிறது. தொழிலாளியிடம் இருப்பது பெட்டிக்கு அடியில் மடித்து வைத்த சில கடிதங்கள். வீடு மாறும்போது முதலில் குப்பைக்குப் போவதும் அவைதான். பழைய வேலை அட்டை, லயத்து வீட்டுக் கடிதம், சம்பளச் சீட்டு, 'சாகு ஹாத்தி' எழுதிய தாள் எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில் படமெடுத்து வைக்க ஒரு மாலை போதும். தமிழியல், தொழிலியல், சட்டம் படிக்கும் நம் பல்கலைக்கழக மாணவர்களுக்கு இதைவிட நல்ல ஆய்வுப் பொருள் கிடைக்காது. தோட்டத்தில் பிறந்த பெற்றோரே பலருக்கு வீட்டில் இருக்கிறார்கள், தாளுக்குப் பின்னால் நடந்ததைச் சொல்ல.

2024 மே மாதம் கோல குபு பாரு இடைத்தேர்தலில் உலு சிலாங்கூரின் ஐந்து தோட்டங்களைச் சேர்ந்த முன்னாள் தொழிலாளர்களின் வீட்டுக் கோரிக்கை மீண்டும் மேடை ஏறியது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவர்கள் கேட்டுவரும் வீடு அது. இப்படி வீடு கேட்டு நிற்கும் மக்களுக்கு மேடைகளில் கிடைக்கும் வாக்கியத்தின் அச்சும் ஏறக்குறைய ஒன்றுதான்: வீடுகள் கட்டித் தரப்படும். யார் கட்டுவார்? எந்த நிலத்தில்? எந்த ஆண்டு, எந்த மாதம் சாவி? அடுத்த முறை அந்த வரி காதில் விழும்போது, கூட்டத்தில் இருப்பவர்கள் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள் இவை. பதிலை எழுத்தில், செய்பவரின் பெயரோடு வாங்க வேண்டும்.